மறுகேள்விக்கு இடமில்லாத பேச்சு: அன்றாடக் கடிதமும் செய்தியும் எப்படி வேலை செய்கின்றன

கடிதம் எழுதுவது பற்றி நம்மவர்களிடம் இரண்டு கருத்துகள் உலவுகின்றன. அதற்கு நல்ல தமிழ் வேண்டும், "தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புவது யாதெனில்" என்று தொடங்கத் தெரிய வேண்டும் என்பது ஒன்று. அப்படித் தொடங்கத் தெரியாதவர்கள், கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, ஒரு கடிதம் கொடுக்க வேண்டி வந்தால், எழுதிக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள். வாட்ஸ்அப் வந்துவிட்ட காலத்தில் எழுத்தில் என்ன இருக்கிறது, எப்படி எழுதினாலும் விளங்கும் என்பது மற்றது. இப்படிச் சொல்பவர்கள்தான் ஒரே செய்திக்கு நாலு முறை விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரு தரப்பும் எழுத்தை அலங்காரமாகவே பார்க்கின்றன. ஒருவருக்கு அந்த அலங்காரம் வேண்டும், மற்றவருக்கு வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் அன்றாடக் கடிதம் ஒரு வேலையை முடிக்க எழுதப்படுகிறது. வாசித்தவர் உங்களிடம் திரும்பக் கேட்காமல் அடுத்த காரியத்தைச் செய்ய முடிந்தால் கடிதம் வென்றது. இரண்டு எழுத்துப் பிழை இருந்தாலும் வென்றதுதான். ஒரு பிழைகூட இல்லாமல், வாசித்தவர் "இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?" என்று தலையைச் சொறிந்தால் அது தோற்றது.

பேச்சு ஏன் எளிதாக இருக்கிறது

திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடைக்காரரிடம் பேசுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"அந்தச் சாமான் வந்துவிட்டதா?"

"எந்தச் சாமான்?"

"போன கிழமை சொல்லிவிட்டுப் போனேனே."

"தண்ணீர் மோட்டாருக்கு உள்ளதா? நாளைக்கு வரும்."

முதல் வாக்கியத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இருந்தும் காரியம் நடந்துவிட்டது. காரணம், கடைக்காரர் திருப்பிக் கேட்டார். கேட்காவிட்டாலும் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து நீங்களே விளக்கியிருப்பீர்கள். நம் பேச்சு முழுவதும் இப்படி ஓட்டை நிறைந்தது. எதிரில் இருப்பவர் அந்த ஓட்டைகளை உடனுக்குடன் அடைத்துக்கொண்டே வருகிறார். இந்த அடைக்கும் வேலையை இக்கட்டுரையில் மறுகேள்வி என்று அழைப்போம்.

எழுத்தில் இந்த வசதி இல்லை. இங்கிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் நடத்துநரிடம் பொதி கொடுத்தனுப்பும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். உள்ளே வைக்க மறந்த மருந்துச்சீட்டை, பஸ் கந்தளாய் தாண்டிய பிறகு வைக்க முடியாது. பொதியில் பெயர் எழுதியிருக்க வேண்டும். எடுக்க வருகிறவருக்குப் பஸ்ஸின் இலக்கமும், அது போய்ச் சேரும் நேரமும், எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொதி கட்டும்போது நாம் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறோம், ஏனென்றால் கூடவே போக முடியாது என்று தெரியும். எழுத்தும் அப்படித்தான், ஆனால் கூடப் போகப்போவதில்லை என்பதை எழுதும்போது மறந்துவிடுகிறோம். கைபேசியில் மறுமொழி நொடியில் வருவதால் இந்த மறதி இன்னும் அதிகம்.

ஆகவே, எழுதக் கற்பது என்பது பெரும்பாலும் வாசிப்பவரின் மறுகேள்விகளை முன்கூட்டியே ஊகிக்கக் கற்பதுதான். சொல்வளம் அதற்குப் பிறகு வருவது.

மறுகேள்வி எங்கே பிறக்கிறது: சுட்டுச் சொற்கள்

பள்ளி இலக்கணத்தில் அ, இ, உ என்று சுட்டெழுத்துகள் படித்திருப்போம். பேசுகிறவர் யார், எங்கே, எப்போது என்பது தெரிந்தால் மட்டுமே பொருள் தரும் சொற்கள் எல்லாவற்றையும் இங்கே சுட்டுச் சொற்கள் என்று கொள்வோம். இங்கே, அங்கே, அவர், இது மட்டுமல்ல. நாளை, இப்போது, போன கிழமை ஆகியவையும் இந்த வகைதான்.

இவை பேச்சில் சிக்கனமானவை, எழுத்தில் ஆபத்தானவை. இரவு 11.45க்கு "நாளை காலை வாருங்கள்" என்று ஒரு செய்தி அனுப்புகிறீர்கள். வாசிப்பவர் விடிந்து ஆறு மணிக்குத் திறக்கிறார். அவருடைய நாளையும் உங்களுடைய நாளையும் இப்போது வெவ்வேறு நாட்கள். "அடுத்த வெள்ளி" என்பது இன்னும் மோசம். புதன்கிழமை அதைச் சொன்னால் இரண்டு நாளில் வரும் வெள்ளியா, ஒன்பது நாளில் வரும் வெள்ளியா என்பதில் ஒரே வீட்டுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு.

வெளிநாட்டு உறவுகளுக்கு எழுதும்போது திகதியே சுட்டுச் சொல்லாக மாறிவிடுகிறது. 05.04 என்பது ஏப்ரல் 5ஆகவும் இருக்கலாம், மே 4ஆகவும் இருக்கலாம். மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் தொல்லை இல்லை. நேரமும் அப்படியே. லண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, கோடையில் நாலரை. "மாலை 6 மணிக்கு எடுங்கள்" என்றால் எவருடைய மாலை? "இலங்கை நேரம் மாலை 6" என்று கூடுதலாக இரண்டு சொற்கள் போதும்.

"ஐயாவிடம் கேட்டேன், சரி என்றார்." இதில் ஐயா வீட்டுப் பெரியவரா, கோவில் குருக்களா, அலுவலக மேலதிகாரியா? எழுதியவருக்கு ஒரே ஒரு ஐயாதான் மனதில் இருந்தார்.

தமிழில் உள்ள இன்னொரு பொறி தோன்றா எழுவாய். அதாவது, செய்தவர் யார் என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் வினைமுற்றிலேயே மறைத்து வைப்பது. "சொல்லியிருந்தேன், வரவில்லை, பிறகு அனுப்பிவிட்டார்களாம்." வாயால் சொன்னால் அழகான தமிழ். எழுத்தில், வராதது ஆளா பொருளா, அனுப்பியது கடையா சகோதரியா என்று தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் வைத்தால் தமிழ் விறைத்துப் போகும், அது தேவையில்லை. ஆள் மாறும் இடத்தில் மட்டும் பெயரைச் சொன்னால் போதும்.

அலுவலகத் தமிழின் "நடவடிக்கை எடுக்கப்படும்" இதன் பெரிய அண்ணன். செயப்பாட்டு வினையில், செய்கிறவர் வாக்கியத்திலிருந்தே வெளியேறிவிடுகிறார். வேண்டுமென்றே வெளியேறுகிறார் என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்.

சுருக்கமாக: எழுதி முடித்ததும் ஒரு முறை, யார், எப்போது, எங்கே, எது என்ற நாலு கேள்விகளோடு வாசியுங்கள். விடை உங்கள் மனதில் மட்டும் இருந்து தாளில் இல்லாத இடத்தில் பெயரோ திகதியோ இடமோ வர வேண்டும்.

அலுவலகக் கடிதம்: வேண்டுகோள் எங்கே இருக்கிறது

இப்போது கடினமானது என்று எல்லோரும் பயப்படும் இடத்துக்கு வருவோம். உண்மையில் இதுதான் எளிது, ஏனென்றால் வாசிப்பவர் என்ன செய்யப்போகிறார் என்பது நமக்கு முன்பே தெரியும். உள்ளூராட்சி மன்றத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ போகும் கடிதத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஓர் எழுதுவினைஞர். அவர் முன் ஒரு கட்டுக் கடிதங்கள் இருக்கும். இது எந்த மேசைக்கு, எந்தக் கோப்புக்கு, என்ன செய்ய வேண்டும், அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பதைத்தான் அவர் தேடுவார். அவருடைய தேடலுக்கு விடை கொடுக்கும் ஒழுங்கே கடிதத்தின் ஒழுங்கு.

கீழே ஒரு கடிதம். இப்படிப்பட்டதை எல்லோரும் பார்த்திருப்போம்.

"மதிப்புக்குரிய ஐயா, மேற்படி விடயம் தொடர்பாகத் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில், எமது பகுதி மக்கள் நீண்டகாலமாகப் பல இன்னல்களை அனுபவித்து வருகின்றனர். குறிப்பாக இரவு வேளைகளில் பெண்களும் மாணவர்களும் பெரும் சிரமங்களை எதிர்நோக்குகின்றனர். இது தொடர்பாகப் பலமுறை முறையிட்டும் எவ்வித பயனும் ஏற்படவில்லை. எனவே இதற்கு உரிய நடவடிக்கை எடுக்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்."

பிழையில்லாத தமிழ். ஆனால் இது தெருவிளக்கு பற்றிய கடிதம். மீண்டும் வாசித்துப் பாருங்கள், விளக்கு என்ற சொல்லே இல்லை. இன்னல் என்ன, எமது பகுதி எது, பலமுறை என்றால் எப்போது, உரிய நடவடிக்கை எது என்று எழுதுவினைஞர் கேட்க வேண்டிய மறுகேள்விகள் நாலு. கேட்க ஆள் எதிரில் இல்லை. கடிதம் தட்டில் கிடக்கும்.

அதே விடயத்தை இப்படி எழுதலாம். ஒழுங்கையின் பெயரை உதாரணத்துக்கு வைத்திருக்கிறேன்.

"விடயம்: பாலையூற்று, பாடசாலை ஒழுங்கையில் எரியாத தெருவிளக்கைத் திருத்துதல்.

ஐயா,
பாலையூற்று, பாடசாலை ஒழுங்கையில் பிரதான வீதிப் பக்கமிருந்து மூன்றாவது கம்பத்தில் உள்ள தெருவிளக்கு மார்ச் 3ஆம் திகதி முதல் எரியவில்லை. அதைத் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள் இரவு 7 மணிக்குப் பிறகு இந்த வழியால்தான் வீடு திரும்புகிறார்கள். மார்ச் 10ஆம் திகதி தங்கள் அலுவலகத்தில் நேரில் தெரிவித்தேன். கம்பத்தின் படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். திருத்த வருபவர்கள் கீழுள்ள இலக்கத்துக்கு அழைத்தால் இடத்தைக் காட்டுவேன்."

இதற்கு இலக்கியத் திறமை எதுவும் தேவைப்படவில்லை. "விடயம்" என்ற வரி அலங்காரத் தலைப்பு இல்லை. கடிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று பிரிப்பதற்கான சீட்டு. அதில் "தெருவிளக்கு" என்றும் இடத்தின் பெயரும் இருந்தால் உள்ளே படிக்காமலேயே பிரித்துவிடலாம். அடுத்து வேண்டுகோள், அதாவது வாசிப்பவர் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைச் சொல்லும் வாக்கியம். அது இரண்டாவது வரியிலேயே வந்துவிட்டது. காரணம் அதற்குப் பின்னால். பிள்ளைகள், இரவு 7 மணி என்று சொன்னதே போதும். "பெரும் சிரமம்" என்று எழுதியவர் சொல்லத் தேவையில்லை, வாசிப்பவருக்கே தோன்றும். கடைசி வரி வேலைக்காரரின் மறுகேள்விக்கான விடை. கம்பத்தில் இலக்கம் எழுதியிருந்தால் அதையும் சேர்த்துவிடுங்கள், "மூன்றாவது கம்பம்" என்பதைவிட உறுதியானது.

ஒரு கடிதத்தில் ஒரு விடயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்ததும் தெருவிளக்கு, அடைத்த வடிகான், கட்டாக்காலி மாடு, கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான் பூஞ்செடியைத் தின்ற கதை எல்லாம் நினைவுக்கு வரும். நாலும் நாலு மேசைகளுக்குப் போக வேண்டியவை. தாள் ஒன்றுதான். அது ஒரு கோப்புக்குள் போனதும் மற்ற மூன்றும் அதோடு புதைந்துவிடும்.

எந்த மொழியில் எழுதுவது என்ற தயக்கமும் நம் ஊரில் அதிகம். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்ற எண்ணத்தில், தனக்கே விளங்காத கடிதத்தில் ஒப்பமிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிர்வாக மொழி என்று வகுத்தது. தமிழில் எழுதவும் தமிழில் மறுமொழி பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நடைமுறையில் உங்கள் கடிதம் வழியில் சிங்களத்துக்கு மொழிபெயர்க்கப்படலாம். திருகோணமலை போன்ற மாவட்டத்தில் இது அன்றாடம். அந்த நேரத்தில் "இன்னல்களை எதிர்நோக்குகின்றனர்" எந்த மொழிக்குப் போனாலும் வெறுங்கையோடுதான் போகும். "மூன்றாவது கம்பத்தின் விளக்கு எரியவில்லை" எந்த மொழியிலும் அதே கம்பத்தைத்தான் காட்டும்.

தொனி: எழுத்தில் கேட்கும் குரல்

எழுத்தைப் படிக்கும்போது வாசிப்பவர் தம் மனதுக்குள் ஒரு குரலைக் கேட்கிறார். அதுதான் தொனி. சிக்கல் என்னவென்றால், அந்தக் குரலை நாம் கொடுப்பதில்லை. அவருடைய அன்றைய மனநிலை கொடுக்கிறது.

தமிழில் தொனி பெரும்பாலும் வினைமுற்றில் உட்கார்ந்திருக்கிறது. "பணத்தை அனுப்பவும்" என்பதைப் பாருங்கள். மரியாதை என்று நினைத்தே பலர் இப்படி எழுதுகிறார்கள். ஆனால் -வும் என்று முடிவது அறிவித்தல் பலகையின் மொழி, "செருப்பைக் கழற்றவும்" என்பது போல. அதில் எதிரில் ஆள் இல்லை. தெரிந்தவருக்கு "அனுப்புங்கள்" போதும். கேட்பதில் தயக்கம் இருந்தால் "அனுப்ப முடியுமா?" அலுவலகத்துக்கு "அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." சொந்தத் தம்பிக்கு "தாங்கள்" போட்டால் அவன் என்ன கோபமோ என்று பயந்துவிடுவான்.

முறைப்பாட்டில் தொனி கெடுவதற்கு ஒரு வழக்கமான வழி உண்டு: செயலை விட்டு ஆளைப் பிடிப்பது. "நீங்கள் பொறுப்பில்லாதவர்" என்று எழுதினால் அவர் தம் பொறுப்பை நிரூபிக்கத் தொடங்குவார், வாடகை பற்றிய பேச்சு போய்விடும். "பெப்ரவரி வாடகை இன்னும் வரவில்லை. மார்ச் 15க்குள் தர முடியுமா?" என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அலுவலகக் கடிதத்துக்குச் சொன்னதை வீட்டுக் கடிதத்துக்கு அப்படியே கொண்டுபோக வேண்டாம். "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய அவா" என்பது அலுவலகத்தில் வீண் வரி. கனடாவில் இருக்கும் சித்திக்கு எழுதும்போது அதுதான் விடயமே. அவர் வாசித்ததும் செய்யப்போகும் காரியம், நிம்மதியாக இருப்பது. அதற்குத் தேவையான தகவல் அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா, பின்வளவு மாமரம் இந்த முறை காய்த்ததா என்பவை. ஆக, விதி மாறவில்லை, வாசிப்பவர் மாறியிருக்கிறார்.

மரண வீட்டுக்கு எழுதும் செய்தியில் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். இறந்தவரின் பெயரையோ முறையையோ சொல்லுங்கள், அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். உதவி செய்ய முடிந்தால் "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று அவர்கள் தலையில் வேலை வைக்காமல் "நாளை வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு நாங்கள் கொண்டுவருகிறோம்" என்று எழுதுங்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அதுதான் தேவை.

கைபேசியில்

குறுஞ்செய்திக்கு ஓர் அளவு உண்டு. ஆங்கில எழுத்துகளில் ஒரு செய்தி 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் எழுத்துகளுக்குக் கூடுதல் இடம் தேவைப்படுவதால் 70 குறியீடுகள்தான். அதிலும் உயிர்மெய்யை நாம் ஓர் எழுத்தாக எண்ணினாலும் கைபேசி மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணும். திருகோணமலை நமக்கு 6 எழுத்து, கைபேசிக்கு 10. எல்லை தாண்டினால் செய்தி இரண்டாகப் பிரிந்து கட்டணமும் கூடலாம். சங்கக் கூட்டத்துக்கு நூறு பேருக்கு அறிவிக்கிறவருக்கு இது சின்ன விடயமில்லை.

இந்தச் சிக்கனத்துக்காக ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவது இன்னொரு குழப்பத்தை விலைக்கு வாங்குவது. வலி, வழி, வளி மூன்றும் அங்கே ஒரே உருவம் எடுத்துக்கொள்ளும். நண்பர்களுக்குள் சரி. மருந்து, பணம், பயணம் பற்றிய செய்தியைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள்.

குரல் பதிவு உணர்ச்சிக்கு நல்லது, தகவலுக்குக் கெட்டது. மூன்று நிமிடப் பதிவில் நடுவில் சொன்ன வங்கிக் கணக்கு இலக்கத்தைத் தேடி எடுப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பேசிவிட்டு இலக்கத்தை மட்டும் தனியே எழுதி அனுப்பிவிடலாம். வாட்ஸ்அப்பின் இரண்டு நீலக் குறிகள் செய்தி திறக்கப்பட்டது என்று மட்டுமே சொல்கின்றன, விளங்கியது என்று சொல்வதில்லை.

பிரதியும் ஞாபகமூட்டலும்

அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்துக்குப் பிரதி இல்லையென்றால் அது எழுதப்படவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நேரில் கொடுத்தால் இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரையும் ஒப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால். பற்றுச்சீட்டைப் பிரதியோடு பின் செய்து வைத்துவிடுங்கள்.

மறுமொழி வரவில்லையென்றால் அடுத்த கடிதத்தில் கதையைத் திரும்பச் சொல்லத் தொடங்காதீர்கள். "மார்ச் 14ஆம் திகதிய எனது கடிதத்தின் பிரதியை இணைத்துள்ளேன். விளக்கு இன்றுவரை திருத்தப்படவில்லை. எப்போது திருத்தப்படும் என்று அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." மூன்று வரிகள் போதும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஆகவே பிள்ளைகளும் மாலை வகுப்பும் இதில் தேவையில்லை. ஆனால் கேள்வியின் உருவம் மாற வேண்டும். "ஏன் இன்னும் திருத்தவில்லை?" என்பது வாதம், அதற்கு ஒரு விளக்கம் எழுதி அனுப்பிவிடலாம். சட்டம் கொடுப்பது அலுவலகத்தின் கையில் இருக்கும் பதிவுகளை. அதனால் விண்ணப்பத்தில் எழுத வேண்டியது இது: "மார்ச் 14ஆம் திகதிய எனது கடிதம் தொடர்பாகத் தங்கள் கோப்பில் உள்ள குறிப்புகள், கடிதங்கள் அனைத்தினதும் பிரதிகள்."